ஃபேன் காற்றில் காய்ந்த டி.என்.ஏ.

இரும்பில் துரு ஏறுவது போல, நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனே நம் டி.என்.ஏ.வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. அந்தச் சேதத்தை அளப்பதுதான் திண்டிவனத்தில் எங்கள் லேப் வேலை. பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கு அது கூடுதலா என்று பார்க்க, கிளியனூர்ப் பக்கம் போய் ரத்தம் எடுத்து வந்தோம்.

ரத்தத்திலிருந்து பிரித்த டி.என்.ஏ.வை ஈரம் போக உலர்த்த வேண்டும். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயப்போட்டு வளர்ந்தவன் நான். நன்றாகக் காய்ந்தால்தான் எனக்குத் திருப்தி. டியூப்களின் மூடியைத் திறந்து மதியம் முழுக்க ஃபேனுக்குக் கீழே வைப்பேன். மெஷினில் சேதத்தின் எண்கள் எகிறின. புரொபசருக்கு ஏக சந்தோஷம்.

ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவர், மருந்தடிக்கும் ஏழுமலை, லேபுக்கே வந்து கேட்டார்.

"என்னுது எவ்ளோ சார்?"

"இருக்கறதுலயே உங்களுதுதாங்க ஜாஸ்தி" என்றேன், முதல் மார்க் வாங்கியவரிடம் சொல்வது போல.

"வூட்டுக்காரி ஏழு மாசம் சார். புள்ளைக்கு எதனா ஆவுமா?"

நான் டியூப்களை அடுக்குவது போலக் குனிந்துகொண்டேன். அவர் போய்விட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே தொடாத ஓர் ஆள் தேவைப்பட்டது. என் ரத்தத்தையே வைத்தேன். ஏழுமலையைவிட எனக்கு இரண்டு மடங்கு வந்தது. அரை நாள் உயிர்ப் பயத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன். அதே ரத்தத்திலிருந்து மறுபடி டி.என்.ஏ. எடுத்து, காயவிடாமல், காற்றுப் படாமல் மூடி வைத்து அளந்தேன். எண் தரைக்கு வந்துவிட்டது. சேதத்தில் பெரும்பங்கு உடம்பில் இல்லை, எங்கள் லேபிலேயே, ஃபேன் காற்றின் ஆக்சிஜன் பட்டு நடந்திருக்கிறது.

"யாருக்குத் தெரியப் போவுது, வுடுய்யா" என்றார் புரொபசர்.

கிளியனூருக்குப் பஸ் ஏறினேன். ஏழுமலையிடமும் அவர் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ரெண்டு வாரமா நாங்க சோறு எறங்காம பேஜாராயி கெடந்தது உங்க ஃபேனாலயா?"

"ஆமாங்க. என் தப்புதாங்க." நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"மருந்து ஒண்ணியும் பண்ணலையா அப்ப?"

"அதுவும் தெரியாதுங்க. நாங்க இன்னும் ஒழுங்கா அளக்கவே இல்ல. அந்தப் பழைய நம்பர வெச்சுப் பயப்படாதீங்க."

ஏழுமலை சட்டைக் கையை மடித்து நீட்டினார். "எடுங்க. இந்த தபா மூடி வையுங்க."

அவர் மனைவி குறுக்கே வந்தார். "மொதல்ல உங்க ரத்தத்தப் பாருங்க சார். அது சரியா வந்தா அப்பால இவருக்குச் சொல்லுங்க."

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு இன்றும் நான் சொல்லிக்கொடுப்பது அந்த அம்மா சொன்ன இதைத்தான்: முதலில் உங்கள் ரத்தத்தை அளந்து பாருங்கள். அதை நானே கண்டுபிடித்ததாகத்தான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன்.