நடக்கும் முன்பே சொன்ன ஸ்தோத்திரம்

போடி கடைவீதியில் பாத்திரத்தில் பெயர் வெட்ட பொன்னுராஜ் அண்ணாச்சியை மிஞ்ச ஆள் கிடையாது. அவருடைய பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் சாக்கும் கயிறும் விற்கும் நான் இதை யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போட்டுச் சொல்வேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நான் சொல்ல வந்தது அவர் மனைவி அன்னத்தாய் மதினியின் கதை.

அதுவரை மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு மட்டும் கடைக்கு வந்துபோனவர், இரண்டே மாதத்தில் கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். எவர்சில்வருக்கு விலை பேசவும், சரக்கு கொண்டுவருபவர்களிடம் மல்லுக்கட்டவும் கற்றுக்கொண்டார். பெயர் வெட்டும் மெஷினை மட்டும் துணிபோட்டு மூடி வைத்தார். அண்ணாச்சி நடந்து வந்து அதன் முன்னால் உட்கார வேண்டும்; மதினிக்கு அது ஒன்றுதான் வேண்டுதல். அண்ணாச்சியோ சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். டாக்டர் நடந்து பழகச் சொல்லியும் கேட்கவில்லை. ஜெபம் பண்ண வந்தவர்களையும் விரட்டிவிட்டார்.

அவர்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. நோய் தீர்ந்தால் நன்றி சொல்லி, காரணத்தை உறைமேல் எழுதி ஸ்தோத்திரக் காணிக்கை போடுவார்கள். சர்ச் போதகரான ஐயர் அதை ஆராதனையில் வாசிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மதினியின் உறையை எடுத்து, கணவர் பொன்னுராஜ் கடைக்கு நடந்து வந்ததற்காக ஸ்தோத்திரம் என்று வாசித்தார். சபைக்கே சந்தோஷம். ஆராதனை முடிந்ததும் முப்பது பேர் பழமும் பிஸ்கட்டுமாக நேரே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே அண்ணாச்சி கிழிந்த பனியனோடு கட்டிலில் கிடந்தார். வந்தவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கேள்விப்பட்டதும் எனக்கு வந்ததே கோபம். சாமி முன்னாலேயே பொய்யா என்று மதினியிடம் கேட்டேவிட்டேன். அவர் அசரவில்லை.

"கெடச்ச பெறகு எல்லாரும்தான் நன்றி சொல்வாக, தம்பி. ஆண்டவர் நடக்க வைப்பாருன்னு நான் நம்புறேன். அதான் முன்னாடியே சொல்லிட்டேன்."

அண்ணாச்சி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே கூப்பிட்டாராம்.

"ஊரு முன்னால ஒன்னையப் பொய்க்காரியாக்கிட்டு நான் படுத்துக் கெடக்கவா? எறக்கி விடு."

பதினோரு மாதம் மதினியின் தோள்தான் அவருக்கு ஊன்றுகோல். எத்தனை தரம் இருவருமாக விழுந்தார்களோ, மதினி சொல்ல மாட்டார். இந்தத் தை மாதம் அண்ணாச்சி இடது கையில் நாலுகால் கைத்தடியைப் பிடித்துக் கடைவீதிக்கு வந்தார். நூறு அடி தூரத்துக்கு அரைமணி நேரம் ஆனது. ஆட்டோக்காரர்கள்கூட ஹாரன் அடிக்காமல் நின்றார்கள். மதினி கல்லாவில் தலைகவிழ்ந்து அழுதார். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அன்றைக்கு என் மகள் நாகஜோதியின் கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் அங்கே இருந்தன. அண்ணாச்சி மெஷினை இடது கையால் பிடித்து, பெரிய அண்டாவில் அவள் பெயரை வெட்டினார். எழுத்தெல்லாம் கோணல்மாணல். வேறு அண்டா தருகிறேன் என்று மதினி எவ்வளவோ சொன்னார். எனக்கு அதுதான் வேண்டும் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காமயகவுண்டன்பட்டியில் சம்பந்தி வீட்டார் அதைப் பார்த்துச் சிரித்தார்களாம். என் மகள் விடவில்லை.

"எங்க பெரியப்பா இடது கையால வெட்டுன மொதப் பேரு என்னோடதுதான். அதை வெட்ட அவுக நடந்து வந்த நடைய எங்க பெரியம்மா கடவுள்கிட்ட முன்னாடியே நன்றி சொல்லி வாங்குனாக."