கும்பளங்கி மண்கரையில் சரோஜாவுக்குப் பின்னால்

1982, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மட்டாஞ்சேரியிலிருந்து இரண்டு சைக்கிள்களில் நானும் என் மனைவி சரோஜாவும் புறப்பட்டோம். என்னுடையது சொந்தச் சைக்கிள். அவளுக்கு சுள்ளிக்கல்லில் ஒரு லேடீஸ் சைக்கிளை நாள் வாடகைக்கு எடுத்தேன், நான்கு ரூபாய். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. "சைக்கிள் ஓட்டுவியா?" என்று கேட்டதற்கு "ஓட்டுவேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

மட்டாஞ்சேரி பஜாரில் மசாலா மண்டி ஒன்றில் கணக்கெழுதுகிறேன். கோவில்பட்டியிலிருந்து வந்த நாள் முதல் அந்தத் தெருவில்தான் சைக்கிள் ஓட்டம். எதிரே மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டி வரும், பின்னால் ஹாரனிலிருந்து கையெடுக்காத லாரி வரும். நடுவில் புகுந்து போகிறவனுக்கு வானம் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். எங்கள் மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவர்தான் அந்தப் பாதையைப் பற்றிச் சொன்னார். கும்பளங்கிக்கு மேற்கே இறால் வயல்களுக்கு நடுவில் சரளை கொட்டிய மண்கரைகள் உண்டாம், கார் போக முடியாதாம், ஆளும் சைக்கிளும் மட்டும் போகலாமாம், நேரே செல்லானம் கடற்கரையில் கொண்டுபோய் விடுமாம். ஒரு வாரமாக அதே நினைப்புதான். சரோஜா பள்ளுருத்தியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவள். அவள் பார்த்திராத ஓர் இடத்தை அவளுக்கு நான் காட்டப் போகிறேன் என்ற மிதப்பு எனக்கு.

தோப்பும்படி, பள்ளுருத்தி, பெரும்படப்பு என்று ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் தார் ரோடு. எட்டு மணி வாக்கில் கும்பளங்கியைத் தாண்டித் தார் முடிந்த இடத்தில் நின்றோம். முன்னால் ஓர் ஆள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான செம்மண் கரை. அதன்மேல் வெட்டுக்கல் உடைத்த சரளை. இரண்டு பக்கமும் தண்ணீர். நெல் அறுத்த வயல்களில் உப்புத் தண்ணீரை ஏற்றி இறால் வளர்க்கிற மாதம் அது. அறுத்த தாள்கள் தண்ணீருக்கு மேலே கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தன. கொக்குகள் அங்கங்கே ஒற்றைக்காலில் நின்றன. எஞ்சின் சத்தம் எங்கும் கேட்கவில்லை. தூரத்துத் தென்னைகளுக்கு அப்பால் கடல் இரைவது மட்டும் லேசாகக் கேட்டது.

"எப்படி?" என்று பெருமையோடு திரும்பினேன்.

சரோஜா குனிந்து அவள் சைக்கிளின் டியூப் வால்வைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். புஸ்ஸென்று காற்று இறங்கியது.

"என்ன பண்றே?"

"காத்து கொறச்சா சரளையில குதிக்காது. நீங்களும் கொஞ்சம் இறக்குங்க. முன் பிரேக்கைத் தொடவே கூடாது, கேட்டீங்களா?"

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"அதொக்கெ தெரியும்" என்று சொல்லிவிட்டு, சேலையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு ஏறி மிதித்தாள். நான் தடுமாறித் தடுமாறிப் பின்னால் போனேன்.

ஒன்றரைக் கிலோமீட்டர் போனதும் இரண்டு கரைகள் சேரும் முனையில் ஓலை வேய்ந்த சாயாக்கடை ஒன்று. ஒரு சாயா நாற்பது பைசா, கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன் கறியும் ஒன்றரை ரூபாய். கடைக்கார அம்மாள் எங்களைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"எடீ சரோஜே! எத்தற நாளாயி நின்னெ கண்டிட்டு!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "முருகேசன் எவிடே? வந்நில்லே?" என்றாள்.

"இல்ல ரோசிலிச் சேச்சி. இது என்றெ பர்த்தாவு" என்று சரோஜா என்னைக் காட்டினாள்.

சேச்சி என்னை மேலும் கீழும் பார்த்து, "ஓ" என்றாள். அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை. பாதிக் கப்பையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

கடையை விட்டு நகர்ந்ததும் கேட்டேன். "முருகேசன் யாரு?"

"என் அத்தை மகன். கல்யாணக் கூட்டத்துல நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. சின்ன வயசுல லீவு விட்டா அத்தான் கூடத்தான் இந்தக் கரையெல்லாம் சுத்துவேன். சைக்கிள் படிச்சதே இங்கதான்."

"இங்க வரப்போறோம்னு ஒரு வாரமா சொல்றேன். நீ ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீங்க அவ்வளவு ஆசையா சொல்லிட்டிருந்தீங்க. நடுவுல நான் என்ன சொல்றது?"

அத்தான். எட்டு மாதத்தில் என்னை அவள் "இங்க பாருங்க", "கேட்டீங்களா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அந்தச் சொல் வேறொருவனுக்காக இந்தத் தண்ணீருக்கு நடுவில் இத்தனை வருஷமாகப் பத்திரமாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு நான் பார்த்தவை எல்லாம் கெட்டுப்போயின. மீன்கொத்தி ஒன்று பாய்ந்து நீலமாக மின்னியபோது, இதை அவன் எத்தனை முறை இவளுக்குக் காட்டினானோ என்றுதான் தோன்றியது. ஒரு வளைவில் கழிகளில் கட்டிய பெரிய சீன மீன்வலை ஒன்று தண்ணீரிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்தது. சரோஜா நின்று ரசித்தாள். நான் வலையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு அவனையே நேரில் பார்த்தேன். எதிரே கனமான கேரியர் சைக்கிள் ஒன்று, பின்னால் இறால் கூடை கட்டி, ஏதோ தார் ரோட்டில் போவது போல அசையாமல் வந்தது. சரோஜா பெல் அடித்தாள்.

"அத்தான்!"

முருகேசன் உயரம். நல்ல கறுப்பு. சட்டைப் பொத்தான் போடாத மார்பு. செல்லானத்தில் இறால் எடுத்து விற்கிறவன். கல்யாணம் ஆகவில்லை, அதை நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"எந்தா அளியா, நம்ம ஊரு எப்படி இருக்கு?" என்று என் தோளில் தட்டினான். அளியன் என்றால் மலையாளத்தில் மைத்துனன். யாருக்கு யார் மைத்துனன் என்று மனசுக்குள் பொருமினேன். "சரோ, நீ மெலிஞ்சு போயிட்டே" என்றான் அடுத்து. சரோ!

கூடையை ஒரு குடிசையில் இறக்கிவிட்டு, கடற்கரை வரை கூட வருவதாகச் சொன்னான். அப்போதுதான் என் வாய் சும்மா இருக்காமல், "அதோ அந்த மதகு வரைக்கும் யார் முதல்லனு பார்த்துடலாமா?" என்றது. ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது. "வேண்டாம், அங்க வளைவு உண்டு" என்று சரோஜா சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் பறந்துவிட்டோம்.

முதலில் நான் ஒட்டிக்கொண்டே போனேன். சரளை டயருக்கடியில் பொரிந்தது. அவன் முதுகில் சட்டை பாய்மரம் போல உப்பியது. வளைவில் உள்பக்கமாக நுழைந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கூழாங்கல் வழுக்கியது. பயத்தில் பிடித்தது முன் பிரேக்கை. சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை.

இடுப்பளவு தண்ணீர், அதற்கடியில் முழங்கால் வரை சேறு. எழ முயன்றால் இன்னும் உள்ளே இழுத்தது. கண்ணாடி எங்கேயோ போய்விட்டது. தண்ணீருக்குள் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. சரோஜா சேலையோடு இறங்கி, ஒரு கையால் கரையோரக் கண்டல் செடியைப் பற்றிக்கொண்டு மறுகையை நீட்டினாள். "காலை ஆட்டாதீங்க. மெல்ல. என்னைப் பாருங்க, என்னை." மூச்சு வாங்க வாங்க என்னைக் கரைக்கு இழுத்துப் போட்டாள். என் தலையில் ஒட்டியிருந்த பாசியை எடுத்தாள்.

தூரத்தில் மதகின்மேல் நின்று முருகேசன் ஜெயித்த கையை உயர்த்திக்கொண்டிருந்தான். பிறகுதான் திரும்பி எங்களைப் பார்த்தான். ஓடி வந்து சிரித்தான். கோணலான என் ஹேண்டிலைக் காலிடுக்கில் வைத்து நிமிர்த்தினான். சேற்றைத் துழாவிக் கண்ணாடியையும் எடுத்தான். தன் மாற்று லுங்கியைக் கொடுத்தான். நல்லவன்தான். அதுவும் எரிச்சலாகவே இருந்தது.

பதினொன்றரைக்குச் செல்லானம் கடற்கரை சேர்ந்தோம். முருகேசன் எங்களை அங்கே விட்டுவிட்டு வியாபாரத்துக்குத் திரும்பினான். என் வேட்டியைக் கடலோரத் தடுப்பான கருங்கல் சுவரில் காயப்போட்டு, முருகேசனின் லுங்கியைக் கட்டிக்கொண்டு, அரபிக்கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றேன்.

"கேளுங்க. காலையிலேர்ந்து அதைத்தானே மென்னுட்டு இருக்கீங்க."

"அவன் உன்னைக் கட்டிக்கக் கேக்கலையா?"

"கேட்டார். அப்பாவுக்கும் சம்மதம்தான். நான்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?"

"அத்தான் எப்பவும் முன்னால போயிட்டே இருப்பார். நான் விழுந்தாலும் தெரியாது. அப்புறம் வந்து சிரிப்பார். நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப, திரும்பிப் போற வழியில தெருமுனை வரைக்கும் நாலு தடவை திரும்பிப் பாத்தீங்க. ஜன்னல்லேர்ந்து பாத்துட்டேன்." முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "இன்னைக்கு அந்த வளைவு வரைக்கும் நீங்களும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலை."

பாதி காய்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டேன்.

வெயில் சாய்ந்ததும் அதே கரை வழியாகத் திரும்பினோம். அவளை முன்னால் போகச் சொன்னேன். காலையில் கண்ணில் படாத பலவும் இப்போது தெரிந்தன: மதகுப் பலகையில் வழிந்த பாசி, தண்ணீருக்கடியில் ஓடும் கரிமீன் நிழல்கள், மேற்கு வெயிலில் செங்கல் நிறமான சரளை. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். இந்தக் கரைகள் அவளைப் பதினைந்து வயதில் பார்த்திருக்கின்றன, நான் பார்க்கவில்லை. முருகேசன்மேல் இருந்ததில் பாதியை எடுத்து இந்தக் கொக்குகள்மேலும் தென்னைகள்மேலும் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

கும்பளங்கியில் தார் ரோடு ஏறியதும் பஸ் ஒன்று எங்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனது. பள்ளுருத்தி தாண்டும்போது சரோஜா வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தாள்.

"அடுத்த ஞாயிறு எங்கே போகலாம்?"

"வைப்பின் போய் அங்கேருந்து செராய். கடலோரமா மணல் பாதை இருக்காம்" என்றேன். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "செராய் நீ போயிருக்கியா?"

"இல்ல."

"பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனதும் இல்லையா?"

"இல்லைங்க."

"அத்தை வீட்டு ஆளுங்க யாராவது அந்தப் பக்கம்?"

சரோஜா கைப்பிடியை விட்டுவிட்டுச் சிரித்தாள். தோப்பும்படி வரும்வரை சிரித்தாள். எதிரே லாரி வந்தபோதும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. ஆனால் சிரிப்புக்கு நடுவே மறுபடியும் இல்லை என்றுதான் சொன்னாள்; நான் மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.