தாம்பாளத்தில் வைத்த கட்லா

எங்கள் வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஒரு மீன்தான் இருந்தது. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நானே சில நாள் சிரித்திருக்கிறேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஆனேக்கல் பக்கம் போகிற வழியில் உள்ளே திரும்பினால் எங்கள் ஏரி. இந்தப் பக்கத்தில் தமிழனுக்கும் அது கெரேதான். கரைக்குக் கீழே வரிசையாகச் சில ஷீட் வீடுகள். அதில் ஒன்றுக்குத்தான் நான் கல்யாணமாகி வந்தேன். என் கணவரும் அவர் தம்பியும் பரிசலில் போய் வலை போடுகிறவர்கள். ஏரியை மீனுக்கு ஏலம் எடுப்பவர் ஒரு காண்ட்ராக்டர். குஞ்சு வாங்கி விடுவது அவர், பிடிப்பது இவர்கள், பிடித்ததில் ஒரு பங்கு எங்களுக்கு. அந்தப் பங்கு மீனை ஞாயிற்றுக்கிழமைகளில் கரைமேல் தள்ளுவண்டி போட்டு நான் வறுத்து விற்பேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். நாளெல்லாம் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும்?

வீடுகள் நிற்கிற நிலம் அக்கரையில் இருக்கும் யஜமானருடையது. கன்னடக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். வாடகையை மாதாமாதம் கொடுத்துவிடுவோம், அது வேறு கணக்கு. ஆனால் இன்னொரு வருஷம் இருக்கலாமா, கிளம்ப வேண்டுமா என்பதை வாடகை தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது ஹொசதொடக்கு மீன்.

உகாதிக்கு மறுநாள் ஹொசதொடக்கு. உகாதியன்று வேப்பம்பூவும் வெல்லமும் ஒப்பட்டுப் போளியுமாகச் சைவம் சாப்பிட்ட வீடுகளெல்லாம் மறுநாள் கறிக்குப் பறக்கும். அன்று காலையில்தான் எங்களுக்கு வருஷத்தின் முதல் வலை. அதில் விழுகிற பெரிய கட்லாவை அறுக்காமல் முழுசாகப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கோடு யஜமானர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். மத்தியானம் தாம்பாளம் திரும்பி வரும். அரிசியும் தேங்காயுமாக வந்தால் அடுத்த உகாதி வரை இருக்கலாம். காலியாக வந்தால் மூட்டை கட்ட வேண்டும். வரிசையின் கடைசி வீட்டுக்காரர்களுக்கு ஒருமுறை, ஏதோ வாய்ச்சண்டைக்குப் பிறகு, தாம்பாளம் காலியாக வந்தது. அவர்கள் சாமான்களை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஓசூர் பக்கம் போய்விட்டார்கள். அன்று முதல் ஹொசதொடக்கு மத்தியானம் என்றாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

எதிர்க்கரையில் அடுக்குமாடிகள் எழும்ப ஆரம்பித்த பிறகு அந்தப் புளி வருஷம் முழுக்கக் கரைந்தது. ஏரி தெரிகிற பக்கம் இருக்கிற வீட்டுக்கு ஒரு விலை, தெரியாத பக்கத்துக்கு ஒரு விலையாம். கம்பெனி கேப் வண்டியில் வேலைக்குப் போய்வருகிற என் மகள் ஒருநாள் அந்த விளம்பரப் பலகையைப் படித்துச் சொன்னாள், ஏரியின் முகத்தில் கண் விழியுங்கள் என்று போட்டிருக்கிறதாம்.

“அப்போ நம்மளும் லேக் வியூதாம்மா. ஜன்னல் ஒண்ணுதான் பாக்கி” என்று சிரித்தாள்.

“ஜன்னல் வச்சா நாத்தமும் சேர்ந்து வரும், பரவாயில்லையா?” என்றேன்.

நாற்றம் உண்மை. மாடிகள் ஏற ஏற வாய்க்காலில் வருகிற தண்ணீர் கறுத்துக்கொண்டே போனது. ரோகு சிறுத்தது. விரால் என்ற ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. வலையில் பாதி ஜிலேபி மீன், மீதி பிளாஸ்டிக். முன்பெல்லாம் “கெரே மீனா?” என்று கேட்டு வாங்கியவர்கள், பிறகு அதே கேள்வியைக் கேட்டுவிட்டு நகர்ந்து போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. “ஆமாங்க, கெரே மீன்தான், உங்க ஃபிளாட்டை எதைப் பாத்து வாங்கினீங்களோ அதே கெரே” என்று முதுகுக்குப் பின்னால் கத்துவேன். இவர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஏரியில் மீன் குறையக் குறையக் கரையில் மண்ணுக்கு விலை ஏறியது. யஜமானரின் மகன் காரில் வந்து இறங்கி எங்கள் வீடுகளுக்குப் பின்னால் நின்று போன் பேச ஆரம்பித்தான். அவனோடு வந்தவர்கள் டேப் பிடித்து அளந்தார்கள். என்ன என்று கேட்டால் “சும்மா நோட்தா இதீவி அக்கா” என்பான், சும்மா பார்க்கிறார்களாம். சும்மா ஆடுமா குடுமி? ஆனாலும் தாம்பாளம் ஒவ்வொரு வருஷமும் அரிசியோடும் தேங்காயோடும்தான் வந்தது. கிழவர் உயிரோடு இருக்கிற வரை பயமில்லை என்று இவர் சொல்வார். நானும் நம்பினேன்.

இந்த வருஷம் உகாதிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கோடை மழை அடித்தது. வாய்க்காலில் தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒரே வீச்சில் ஏரிக்குள் இறங்கியது. மறுநாள் ஞாயிறு. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கரையேறினால், தண்ணீர் மேலெல்லாம் மீன் வாய். ஆயிரக்கணக்கில் திறந்து திறந்து மூடுகிற வாய்கள். ஃபிளாட் பார்க்க வந்த ஒரு கூட்டம் கரையில் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. கூட்டி வந்த பையன் “லைவ் லேக், சார், நோடி, எஷ்டு மீனு!” என்று, எவ்வளவு மீன் பாருங்கள் என்கிற மாதிரி கையைக் காட்டினான். ஒரு குழந்தை கைதட்டியது.

“ஐயோ, அதுங்க மூச்சுக்குத் தவிக்குதுங்க” என்று சொன்னேன். யார் காதில் விழுந்தது? ஒரு அம்மாள் என்னையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள்.

அடுத்த நாள் ஏரி வெள்ளையாகக் கிடந்தது. எல்லாம் வயிறு. நாற்றம் தாங்காமல் ஃபிளாட்காரர்கள் புகார் செய்ய, ஒரு டிராக்டர் வந்தது. வாரிப் போடச் சொல்லி எங்கள் ஆட்களையே கூப்பிட்டார்கள். உகாதிக்கு என்று இவர் உட்கார்ந்து உட்கார்ந்து முடிச்சுப் பார்த்து வைத்திருந்த வலை, செத்த மீனை வாரத்தான் முதலில் தண்ணீரில் இறங்கியது. காண்ட்ராக்டர் ஒருமுறை வந்து கரையில் நின்று பார்த்துவிட்டுப் போனார். பிறகு போனை எடுக்கவே இல்லை. இவர் அன்று குளித்துவிட்டு வந்தும் சோறு இறங்காமல் எழுந்துவிட்டார். நான் அழுதேன். மீனுக்காக அழுதேனா, தாம்பாளத்துக்காக அழுதேனா என்று அப்போது யோசிக்கவில்லை. தாம்பாளத்துக்காகத்தான்.

உகாதியும் வந்தது. ஒப்பட்டு செய்யக் கை ஓடவில்லை.

“மீன் இல்லன்னு நேராப் போய்ச் சொல்லிடலாம். ஊரே பாத்துச்சே” என்றேன்.

“வெறுங்கையோட போனா வெறுந்தட்டுதான் வரும். நீ சும்மா இரு” என்றார் இவர்.

ஹொசதொடக்கு அன்று விடியற்காலையில் பஸ் பிடித்து மடிவாளா மார்க்கெட்டுக்குப் போனார். ஐஸில் வைத்த ஆந்திரா கட்லா ஒன்றை வாங்கி வந்தார். நல்ல பெரிய மீன், பொய் சொல்லக்கூடாது. எங்கள் ஏரியில் அவ்வளவு பெரியதைப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. அதோடு விட்டாரா? கரையோரம் கொண்டுபோய் ஏரிச் சேற்றை எடுத்துச் செதிலில் தடவினார்.

“என்ன, மீனுக்கு மேக்கப்பா? அப்படியே பொட்டும் வச்சிடுங்க” என்றேன்.

“வாய மூடு. ஐஸ் வாடை போவணும்.”

வாயை மூடிக்கொண்டு தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கினேன். கோபம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். இன்னும் ஒரு வருஷம், மகள் கல்யாணம் வரைக்குமாவது இந்த வீடு நிற்கட்டும் என்று வெற்றிலையை அடுக்கினேன்.

யஜமானர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியாமல், “பன்னி, குத்கொள்ளி” என்று வந்து உட்காரச் சொன்னார். மகன் முற்றத்தில் போனில் நடந்துகொண்டிருந்தான். யஜமானியம்மாள் வந்து தாம்பாளத்தை வாங்கி, வழக்கம்போல் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். வெளுத்துப்போன செவுள். அதற்கு எந்தச் சேற்றைத் தடவ முடியும்?

“இது எங்கேந்து?” என்றாள்.

“கெரே மீன்தாம்மா” என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

“அய்யோ, கெரே மீனெல்லாம் டிராக்டர்ல போனதை நானே பாத்தேனே!”

எனக்குப் பொறுக்கவில்லை. “மடிவாளாவுல வாங்கினதும்மா. வெறுங்கையோட வர பயமா இருந்துச்சு. தப்புன்னா தப்புதான்” என்று சொல்லிவிட்டேன். இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அந்த அம்மாள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. “ஒள்ளேதாய்த்து பிடு! நல்லதாப் போச்சு. அப்போ இதை அடுப்புல வைக்கலாம்” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“அப்போ போன வருஷம் குடுத்தது?” என்று கேட்டேன்.

நான் விடவில்லை. “அதுக்கு முந்தின வருஷம் குடுத்தது?”

யஜமானர்தான் பேசினார். “கோவிச்சுக்காதம்மா. கொஞ்ச வருஷமாவே நாங்க அதைச் சாப்பிடறதில்ல. தண்ணி கெட்டுப்போச்சு, வேணாம்னு பையன் சொன்னான். நாய்க்கெல்லாம் போடல, பிராமிஸ். பின்னால தென்னமரத்தடியில புதைச்சிடுவோம்.”

“வேணாம்னு சொல்லியிருக்கலாமே?”

“வேணாம்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? அதான் வாங்கினேன்.”

அந்தத் தென்னை மரத்துத் தேங்காய்தான் ஒவ்வொரு வருஷமும் தாம்பாளத்தில் எங்களிடம் வந்தது. அதில் சட்னி அரைத்திருக்கிறேன். அதுகூடப் போகட்டும். அவர்கள் வேண்டாமென்று மண்ணில் புதைத்த அதே கெரே மீனைத்தான் நாங்கள் வீட்டில் குழம்பு வைத்துத் தின்றோம். என் மகளுக்கு முள் எடுத்து ஊட்டினேன். கரைமேல் நின்று கூவிக் கூவி வறுத்துக் கொடுத்தேன். அவமானமா, கோபமா, நன்றியா, எது முதலில் வர வேண்டும் என்று தெரியவில்லை. அந்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

மகன் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தான். எங்களைப் பார்த்ததும் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஜன்னலைப் பார்த்தார். நாங்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினோம்.

மத்தியானம் ஆயிற்று. வழக்கமாக வேலையாள்தான் தாம்பாளத்தைக் கொண்டுவருவான். அன்று யஜமானியம்மாளே வெயிலில் நடந்து வந்தாள். தாம்பாளம் துணி போட்டு மூடியிருந்தது. நான் துணியை விலக்கினேன். அரிசி இல்லை, தேங்காய் இல்லை. வாழையிலை மேல் வறுத்த மீன் துண்டுகள். நாங்கள் கொடுத்த அதே கட்லா, மிளகும் கொத்தமல்லியும் அரைத்துப் பூசியது.

“இதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்று நேராகவே கேட்டேன். “இருக்கச் சொல்றீங்களா, போகச் சொல்றீங்களா?”

அவள் கண் கலங்கிவிட்டது. “பையன் பில்டருக்கு எழுதிக் குடுத்துட்டான். எல்லா வீடும். இவருக்கு உங்ககிட்ட சொல்ல வாய் வரல. எனக்குத் தட்டைக் காலியாக் குடுக்கக் கை வரல” என்றாள். என் கையை ஒரு முறை அழுத்திப் பிடித்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்குள் தாம்பாளத்தை நடுவில் வைத்துவிட்டு மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். நான் தொடமாட்டேன் என்றேன். இவர் ஒரு துண்டை எடுத்து மகளுக்கு வைத்தார், பிறகு தனக்கு. உகாதியிலிருந்து யாரும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை. வாசம் வேறு இழுத்தது. ஊருக்கெல்லாம் மீன் வறுத்தவளுக்கு இன்னொருத்தி வறுத்து அனுப்பியது அதுதான் முதல் தடவை. நானும் கையை வைத்தேன். சேற்று வாடை இல்லை, கசப்பு இல்லை. அவ்வளவு ருசி. அதுதான் கொடுமை.

“நம்ம கெரே மீன் இப்படி இருந்ததே இல்லையேம்மா” என்றாள் மகள்.

“எப்பவோ இருந்துச்சு” என்றார் இவர்.

கடைசித் துண்டை யார் எடுத்தது என்று நினைவில்லை. இலையைச் சுருட்டி எடுத்தபோது அடியில் பித்தளை பளபளத்தது. அவர்கள் காலியாகத் தர மனமில்லாமல் அனுப்பிய தாம்பாளத்தை நாங்களே காலி செய்திருந்தோம்.