நான் கறுப்பு பேன்ட்டுக்கு மாறிய காரணம்

போன வருடம் ஆடி மாதம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. அதில் ஒரு டிரைலரின் கேபினில் ஏறி உட்கார்ந்துதான், அதுவரை வெளியாள் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

எனக்கு வயது அறுபத்தி நாலு. தண்டையார்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்தவன். அந்த ஆடிக்கு இரண்டு வருடம் முன்பு எனக்கு புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். நல்ல வேளையாகச் சுரப்பியைத் தாண்டிப் பரவவில்லை. அறுவை சிகிச்சை செய்யலாம், அல்லது ரேடியேஷன் கொடுக்கலாம், இரண்டிலும் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு, பின்விளைவுகள்தான் வேறு வேறு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். நான் எங்கே யோசித்தேன்? துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்தே பழகிய கை. அறுத்து எடுத்துவிடுங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ரேடியேஷன் டாக்டரைப் போய்ப் பார்க்கக்கூட இல்லை.

அறுவை நன்றாகவே முடிந்தது. இன்றுவரை ரத்தப் பரிசோதனையில் நோய் தலைகாட்டவில்லை. ஆனால் சிறுநீர் கசிவது மட்டும் நிற்கவில்லை. இருமினால் போதும், குனிந்து ஒரு பக்கெட்டைத் தூக்கினால் போதும். பலருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். எனக்கு ஆகவில்லை. புருஷன் பெண்டாட்டி சமாசாரமும் அதோடு போயிற்று. வேட்டியை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, ஈரம் தெரியாத கறுப்பு பேன்ட்டுக்கு மாறினேன். உள்ளே சிறுநீரை உறிஞ்சும் பேட். என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. மறுபரிசோதனையில் டாக்டர் கேட்டால்கூட நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். தெருவில் என்னவோ என்னைப் பெரிய வீரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கேன்சரையே அறுத்துப் போட்டுவிட்டு வந்தவன் என்று தோளைத் தட்டுவார்கள். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனசில்லை.

முப்பது வருடத் தோஸ்து ஒருவன் எனக்கு உண்டு. திருவொற்றியூர்க்காரன், டிரைலர் ஓட்டுகிறான். வாயைத் திறந்தால் கிண்டல்தான். அவனுக்கும் அதே நோய், அதே ஆரம்பக் கட்டம் என்று தெரிந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்தான். அன்று மட்டும் கிண்டல் இல்லை.

“உனுக்கு எப்டி கீது மாமு? மறைக்காம சொல்லு.”

“எனுக்கு இன்னா? ஜம்முனு கீறேன். அறுத்துப் போட்டுகினு வேலயப் பாரு.”

நீ சொன்னால் சரி என்று எழுந்து போனான். மறுநாளே அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டான். ரேடியேஷன் டாக்டரையும் பார்க்கச் சொல்லி அவன் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை மடித்து வண்டியிலேயே செருகி வைத்துவிட்டான்.

நான் சொன்னதை எல்லாம் அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்துக் காலையில், என் பேடைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“அந்தண்ணன் ஒன் வார்த்தய நம்பி கையெழுத்து போடப் போவுதுய்யா. நாளைக்கு அது பொஞ்சாதியும் இத்த மடிச்சிப் போடணும்னா, தெரிஞ்சினு போடட்டும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அதைக் குப்பையில் போடக் கிளம்பிவிட்டாள். இரண்டு வருடமாக ஒரு நாளும் முகம் சுளிக்காமல் அவள் செய்துவந்த வேலை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவனுக்குப் போன் செய்தேன். எண்ணூர் ரோட்டு லைனில் நிற்கிறேன், காலையிலிருந்து வண்டி நகரவில்லை என்றான். ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வெயில் கொளுத்தியது. கேபின் படியில் காலை வைத்து எம்பும்போதே எனக்குக் கொஞ்சம் கசிந்தது. உள்ளே அவன் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி பாட்டில். வண்டியை விட்டு இறங்க முடியாத டிரைவர்களுக்கு அதுதான் கக்கூஸ். அடக்க முடிகிற ஆளுக்கே இந்தப் பாடு என்றால், என் மாதிரி ஆளுக்கு இந்த வேலை என்ன ஆகும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அன்னிக்கு நான் சொன்னது பொய்டா,” என்று ஆரம்பித்தேன். பேட், பேன்ட், வீட்டு விஷயம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாருக்கும் இப்படி ஆகாது என்பதையும் சொன்னேன். அவன் முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். வரிசை கொஞ்சம் அசைந்தது. வண்டியை நகர்த்தி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“ரெண்டு வர்சமா நான் இன்னா சொன்னாலும் நீ சிரிக்கறதே இல்ல. என் மேல இன்னாவோ காண்டுன்னு நெனச்சிகினு கீறேன்.”

“சிரிச்சா வந்துரும்டா.”

“அப்ப என் ஜோக்கு மேல கோளாறு இல்ல?”

அவ்வளவுதான். இரண்டு வருடச் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கூடவே மற்றதும் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். “என்னாண்ட கூடவா சொல்லக்கூடாது?” என்று மட்டும் கேட்டான்.

செருகி வைத்த சீட்டை எடுத்துக்கொண்டு அவன் ரேடியேஷன் டாக்டரையும் பார்த்தான். தன் மனைவியையும் கூட்டிப் போனான், கூடவே நானும். கொஞ்ச நாள் யோசிக்க நேரம் இருக்கிறது என்றார்கள். யோசித்துவிட்டு ரேடியேஷனே போதும் என்று, எங்கள் பக்கம் சொல்வதுபோல, கரண்டு வைத்துக்கொண்டான். அதுவும் சுலபமாக இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள் ஆஸ்பத்திரி, ஓயாத அசதி, மணிக்கு ஒரு தரம் பாத்ரூம். “உனுக்கு கொழாய மூட முடியல, எனுக்கு தெறந்தா எரியுது,” என்பான். வண்டியை மறுபடி எடுக்கக் கொஞ்ச நாள் ஆனது. ஆனால் தெரிந்தே எடுத்த முடிவு, அதனால் ஒரு தடவைகூட நொந்துகொண்டதில்லை. என்னையும் அவன் விடவில்லை. என் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய், “இவனுக்கு ரெண்டு வர்சமா கசியுது சார், வாயத் தொறக்க மாட்டான்,” என்று போட்டுக் கொடுத்துவிட்டான். டாக்டர் சிறுநீரை அடக்கும் தசைகளுக்கான பயிற்சிக்கு அனுப்பினார். முழுசாக நிற்கவில்லை, ஆனால் பாதி குறைந்திருக்கிறது. பேடைப் பேப்பரில் இப்போது நானே மடிக்கிறேன்.

இன்னும் யாராவது என்னைத் தேடி வந்து அறுவையா கரண்டா என்று கேட்கிறார்கள். இரண்டு டாக்டரையும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, கறுப்பு பேன்ட் கதையை ஒளிக்காமல் சொல்கிறேன். என் தைரியத்தை நம்பி வந்தவனுக்கு நான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது என் வெட்கத்தைத்தான் என்பது, அந்தக் கேபினில் ஏறும்வரை எனக்குத் தெரியவில்லை.