செவ்வாயில் மழை

செவ்வாய்க் கிரகத்தில் முதல் மழை பெய்யும் காட்சி கட்டுப்படியாகாது என்று டிவிக்காரர்கள் என் விண்வெளித் தொடரைக் கைவிட்டார்கள். போங்கடா என்று அதையே ஒலி நாடகமாக்கினேன். கிழவன் வேஷத்துக்குச் சித்தூர் வீட்டில் நைனாவைப் பேசவைத்துப் பதிவுசெய்தேன். வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் சர்ச்சில் வேத பாடம் வாசிப்பவர். வசனத்தோடு காட்சிக் குறிப்பையும் சேர்த்து வாசித்துவிட்டார்: “மழை பெய்கிறது. கிழவன் கையை நீட்டுகிறான்.”

“அதையெல்லாம் படிக்கக்கூடாது நைனா!” என்று எரிந்து விழுந்தேன்.

“எழுதிக்கீதேம்மா. ஒரு வார்த்தய வுட்டுட்டு எப்டிப் படிக்கறது?”

பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். ‘மழை’ என்ற இடத்தில் அவர் குரல் தாழ்ந்து, கொஞ்சம் நின்று, பிறகு போனது.

அந்தக் காட்சிக்கென்று பலமனேரில் நனைந்துகொண்டே பிடித்து வந்த நிஜ மழைச் சத்தத்தை அன்றே அழித்துவிட்டேன்.