மூன்று மணிக்கு ஊதிய செசிலி அக்கா

செசிலி அக்கா போய்விட்டார். இன்று காலை காசிமேட்டிலிருந்து அவர் மகன் போன் செய்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி டைப் செய்கிறாள்.

அக்காவை இங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. எழுபதுகளின் ஆரம்பத்தில், திருவொற்றியூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு ஹோமில் ஆயாவாக இருந்தார். நான் அங்கே வார்டு பாய்.

மனநிலை சரியில்லாத பிள்ளைகள். சுவரில் தலையை முட்டும், கடிக்கும், சிலது நாள் முழுக்க வாயே திறக்காது... குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ரொம்ப முரண்டு பிடித்தால் கட்டிலோடு கட்டுவது. இதுதான் எங்கள் வேலை.

கட்டுவதற்குப் பழைய புடவையைக் கிழித்து வைத்திருப்போம். அக்கா தன் விரல் ஒன்றைத் துணிக்குள் விட்டுத்தான் முடிச்சுப் போடுவார். விரல் வராவிட்டால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார்.

காவேரி என்று ஒரு பெண். எட்டு வயது இருக்கும். தாய் இல்லை, அப்பன் பக்கத்து மில்லில் வேலை.

தினமும் மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து மில் சங்கு ஊதும். ஊதியதும் இவள் கத்திக்கொண்டு ஓடுவாள். யார் குறுக்கே போனாலும் கடி. என் இடது கையில் அந்தப் பல் தடம் இன்னும் இருக்கிறது.

சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு டாக்டர் வருவார். "சங்கு சத்தம்னா பயம் சார் இதுக்கு" என்று நான்தான் அவரிடம் சொன்னேன்.

அவர் எழுதினார். ரெண்டே முக்காலுக்குக் காதில் பஞ்சு, பின்ரூமில் கட்டிலோடு கட்டு. சிஸ்டர் எங்களுக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னது, எழுதின பிறகு டாக்டர் சொன்னதாகிவிட்டது.

பஞ்சு வைத்த பிறகு இன்னும் மோசம். ஒருநாள் சிஸ்டர் கையையே கடித்துவிட்டாள். இனி ஒரு தடவை கடித்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். அங்கே பெரியவர்களோடு ஒரே கம்பிக்கதவுக்குள் போடுவார்கள். போன பிள்ளை எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஞ்சும் கையுமாக நின்ற அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"மாணிக்கம், பயந்த புள்ள இன்னா பண்ணும்? உள்ளாற பூரும். இது கேட்டாண்ட இல்ல ஓடுது?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அப்பன் அவளைச் சேர்த்துவிட்டுப் போன அன்று கேட்டைத் திறந்துவிட்டவன் நான். "சங்கு ஊதுனதும் வந்துர்றேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனான். பிள்ளைகளிடம் சும்மா சொல்வதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். அது நடந்து ஆறு மாசம்.

அக்காவிடம் சொன்னேன்.

"அத்த இப்ப வந்து சொல்றியா, பேமானி" என்றார். பஞ்சை என் கையில் திணித்துவிட்டு, காவேரியை இழுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

சங்கு ஊதியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். மில் ஆட்கள் சைக்கிளில் போய்த் தீரும் வரைக்கும் நின்றாள். அப்புறம் தானே உள்ளே வந்து பாலைக் குடித்தாள்.

புதன், வியாழன், வெள்ளி... அதே மாதிரி. சிஸ்டருக்குச் சொல்லவில்லை. எழுதி வைத்ததை மீறினால் வேலை போய்விடும்.

சனிக்கிழமை டாக்டர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார், சிஸ்டர் பக்கத்தில். காவேரியை நேராகக் கேட்டுக்கே கூட்டிப் போனார் அக்கா.

அன்று பார்த்து மில்லில் ஸ்டிரைக். எங்களுக்குத் தெரியாது.

பால் டம்ளர் வந்துவிட்டது. பால் வந்தால் மூன்று மணி என்று அவளுக்குத் தெரியும். சங்கு ஊதவில்லை. தன் மணிக்கட்டையே கடிக்க ஆரம்பித்தாள். டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

அக்கா முந்தானையை இடுப்பில் செருகினார். இரண்டு கையையும் வாயில் குவித்து... ஊஊஊ என்று ஊதினார். ரோட்டைப் பார்த்து, மூச்சு முட்டும் வரை. மறுபடியும் ஒரு தடவை.

எதிர் டீக்கடையிலிருந்து ஒருத்தன், "இன்னா ஆயா, மில்லு தொறந்துட்டானா?" என்று கேட்டான்.

"தொறந்துட்டான், போய் வேலையப் பாரு" என்றார் அக்கா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காவேரி கையை வாயிலிருந்து எடுத்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் சைக்கிளே இல்லை. இருந்தாலும் எப்போதும் நிற்கும் நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

டாக்டர் சிஸ்டரிடம், "இதுல யார் பேஷண்ட்?" என்றார். சிஸ்டர் சிரிக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அக்கா எல்லாம் சொன்னார், அப்பன் சொல்லிவிட்டுப் போனதையும் சேர்த்து. டாக்டர் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். கேட்டில் நிற்க விடவும் என்று எழுதியிருப்பதாக சிஸ்டர் படித்துச் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரிப் பேச்சு அதோடு நின்றது.

ஸ்டிரைக் முடிகிற வரைக்கும் தினமும் அக்காதான் சங்கு. முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை மில் லீவு... அதனால் அக்காவுக்கு லீவு கிடையாது. மாதா கோயில் பூசை முடித்து, வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்துவிட்டு, மூன்று மணிக்கு வந்து ஊதிவிட்டுப் போவார்.

"உன் தொண்ட இன்னாத்துக்கு ஆவும்க்கா" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ ஊதேன்" என்றார். ஊதிப் பார்த்தேன். காவேரி என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் ஊதினது எடுபடவில்லை.

அப்பன் வரவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து மீஞ்சூரிலிருந்து ஒரு சித்தி வந்து அவளைக் கூட்டிப் போனாள். அதற்கு மேல் தெரியாது.

போன மாதம் அக்காவைப் போய்ப் பார்த்தேன். ஆளை அடையாளம் தெரியவில்லை அவருக்கு. இடது கையைக் காட்டினேன். பல் தடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பால் குட்ச்சாளா?" என்றார்.

குடித்தாள் என்றேன்.

நாளைக்கு மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம்.

வந்துவிடுகிறேன் அக்கா. சும்மா சொல்லவில்லை.