தலைவரும் நானும் புளியோதரையும்

ஒரு பழைய வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு என்னை வீரன் என்று நம்பியவன் நான். அதில் ஓர் அரசியல் தலைவர், தன் மனைவியை ஊர் தப்பாகப் பேசியதற்காகத் துப்பாக்கிச் சண்டைக்கே போகிறார். தென்காசி வீட்டு சோபாவில் உட்கார்ந்து தேம்பி அழுதேன்.

"ஒன்னைய யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும், நானும் சும்மா விடமாட்டேன்" என்று என் மனைவியிடம் அடித்துச் சொன்னேன்.

அந்த ஞாயிறு குடும்பத்தோடு குற்றாலத்தில் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். மனைவி கட்டி வந்த புளியோதரையை என் அக்கா ஒரு வாய் தின்றுவிட்டு, "ஏலே, இத்தன வருசமாகியும் ஒம் பொண்டாட்டிக்கு உப்புப் போடத் தெரியலியே" என்றாள்.

மனைவி என் முகத்தையே பார்த்தாள். நான் எழுந்து துண்டைத் தேடினேன். அது என் தோளில்தான் கிடந்தது.

திரும்பும் பஸ்ஸில் மனைவி சொன்னாள்: "இனிமே அந்த மாதிரிப் படம் பாத்து அழாதீய. பாக்கச் சகிக்கல."